டாக்டர் சீட்டு இல்லாமல் கருத்தடை மாத்திரை: அமெரிக்க மருந்துக்கடைகளில் என்ன நடந்தது?

டெக்ஸாஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் எல் பாசோ என்று ஓர் ஊர் இருக்கிறது. ரியோ கிராண்டே ஆற்றின் இந்தக் கரையில் எல் பாசோ, அந்தக் கரையில் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ். நடுவில் பாலம். நடந்தே போய் வரலாம். எல் பாசோவில் கருத்தடை மாத்திரை வேண்டுமென்றால் கிளினிக்குக்குப் போய்க் காத்திருந்து சீட்டு வாங்க வேண்டும். ஹுவாரெஸில் மருந்துக்கடைக்குப் போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அதனால் எல் பாசோப் பெண்களில் பலர் மாத்திரை வாங்குவதற்காகவே பாலம் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

இப்படி ஓர் ஊர் ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைப்பது அபூர்வம். ஒரே ஊர்ப் பெண்கள், சாப்பிடுவதும் ஒரே வகை மாத்திரை. ஒரு பகுதியினர் டாக்டர் சீட்டோடு வாங்குகிறார்கள், இன்னொரு பகுதியினர் கடையில் நேராக வாங்குகிறார்கள். இரண்டு தரப்பிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சில மாதங்கள் தொடர்ந்து கவனித்து, 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதியிலேயே மாத்திரையை நிறுத்தியவர்கள் கிளினிக் பக்கம்தான் அதிகம். கடையில் வாங்கியவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். கிளினிக்கிலும் ஒரே தடவையில் ஆறு மாதத்துக்கோ அதற்கு மேலோ மாத்திரை வாங்கியவர்கள் கடைக்காரர்களிடம் வாங்கியவர்களைப் போலவே தொடர்ந்தார்கள். ஐந்து அட்டை வரை மட்டும் கொடுத்து, ‘தீர்ந்ததும் மறுபடி வாருங்கள்’ என்று அனுப்பப்பட்டவர்கள்தான் வழியில் விட்டுவிட்டார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிடக் கூடாத உடல்நிலை உள்ளவர்கள், குறிப்பாக ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தவர்கள், கடையில் வாங்கியவர்களிடையே கொஞ்சம் அதிகம் இருந்தார்கள். சீட்டு இல்லாதபோது மாத்திரை எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் பிரஷர் பார்க்க ஆள் இல்லை. கிளினிக்கில் பிரஷர் பார்க்கிறார்கள், ஆனால் பல பெண்கள் அங்கே வந்து சேர்வதே இல்லை. இந்த இரண்டு குறையையும் ஒன்றாகத் தீர்க்கக்கூடிய ஒருவர் இருக்கிறார். மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கும் மருந்தாளுநர். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவில் நடந்துவரும் மாற்றம் அவரைச் சுற்றித்தான்.

முதலில், சீட்டு ஏன் வந்தது என்று பார்த்துவிடலாம். 1960-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அதாவது எஃப்டிஏ, எனோவிட் என்ற மாத்திரையைக் கருத்தடைக்கு அனுமதித்தது. அதில் இருந்த ஹார்மோன் இன்றைய மாத்திரைகளில் இருப்பதைப் போலப் பல மடங்கு. சில பெண்களுக்குக் காலில் ரத்தம் உறைந்தது, சிலருக்குப் பக்கவாதம் வந்தது. 1970-ல் அமெரிக்க செனட் இதுபற்றி விசாரணை நடத்தியபோது, மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூடச் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். மாத்திரை அட்டையோடு பக்கவிளைவுகளைச் சொல்லும் ஒரு தாள் வைத்தே ஆக வேண்டும் என்று எஃப்டிஏ உத்தரவு போட்டது அதற்குப் பிறகுதான். அன்றைய மாத்திரைக்கு டாக்டர் மேற்பார்வை வேண்டும் என்பதில் நியாயம் இருந்தது.

அப்புறம் மாத்திரையில் ஹார்மோன் அளவு படிப்படியாகக் குறைந்தது. ஆனால் சீட்டு போகவில்லை. வேறொரு பழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டது. ஆண்டுக்கு ஒருமுறை வந்து உள்பரிசோதனையும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சோதனையும் செய்துகொண்டால்தான் சீட்டு என்று பல டாக்டர்கள் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சோதனை முக்கியமானது, மறுக்கவில்லை. ஆனால் மாத்திரை பாதுகாப்பானதா என்று தெரிந்துகொள்ள உள்பரிசோதனை தேவையே இல்லை. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பான ஏகாக்கும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. இதைச் செய்துகொண்டால்தான் அதைத் தருவேன் என்பது, நல்ல நோக்கத்தோடு செய்தாலும், பிணை பிடித்து வைப்பதுதான்.

சரி, உண்மையில் எதைத்தான் பார்க்க வேண்டும்? ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரைதான் அதிகம் புழக்கத்தில் உள்ளது. அதில் கவலைக்குரியது ஈஸ்ட்ரோஜன். ரத்தம் உறையும் தன்மையை அது கொஞ்சம் கூட்டுகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: இதற்கு முன் காலிலோ நுரையீரலிலோ ரத்தக் கட்டி வந்திருக்கிறதா? ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன் கண்ணில் பொறி பறப்பதுபோல, கோடு கோடாகத் தெரிகிறதா? வயது 35-க்கு மேல் ஆகியும் சிகரெட் பழக்கம் உண்டா? குழந்தை பிறந்து மூன்று வாரத்துக்குள்ளா? மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா? வலிப்புக்கோ காசநோய்க்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இதெல்லாம் அந்தப் பெண்ணே சொல்லக்கூடியவை. கருவி வைத்துப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ரத்த அழுத்தம். கையில் பட்டையைச் சுற்றி ஒரு நிமிடம் காத்திருந்தால் அளவு தெரிந்துவிடும். இந்த நோய்க்கு இந்த முறை கூடும், இதற்குக் கூடாது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஓர் அட்டவணையே போட்டு வைத்திருக்கிறது. பாதுகாப்பைப் பொறுத்து ஒன்று முதல் நான்கு வரை எண். ஒன்று என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், நான்கு என்றால் கூடவே கூடாது.

அந்த அட்டவணையைப் படிக்கத் தெரிந்த, பிரஷர் பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு இந்த வேலை கடினமில்லை. அமெரிக்காவில் இன்று மருந்தாளுநர் ஆக டாக்டர் ஆஃப் பார்மசி பட்டம் வேண்டும். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு ஆண்டுப் படிப்பு. எந்த மருந்து எதனோடு மோதும் என்ற விஷயத்தில் பல டாக்டர்களைவிட அவர்களுக்கே தெளிவு அதிகம். ஊரில் டாக்டர் இல்லாவிட்டாலும் மருந்துக்கடை இருக்கும். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், அப்பாயின்ட்மென்ட் வேண்டாம்.

கலிஃபோர்னியாவில் 2013-ல் ஒரு சட்டம் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த மாநில செனட்டர் எட் ஹெர்னாண்டஸ் கண் பரிசோதகராக இருந்தவர். ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தால் பல லட்சம் பேர் புதிதாக மருத்துவ வசதிக்குள் வரப்போகிறார்கள், அவ்வளவு பேரைப் பார்க்க டாக்டர்கள் போதாது என்ற கவலை அப்போது பலமாக இருந்தது. மருந்தாளுநர்களுக்குப் பல புதிய அதிகாரங்கள் கொடுத்த அந்தச் சட்டத்தில் கருத்தடையும் ஒரு பகுதி. ஆனால் விதிமுறை எழுதி முடித்து நடைமுறைக்கு வர 2016 ஏப்ரல் ஆகிவிட்டது. அதற்குள் ஒரெகன் முந்திக்கொண்டது. அங்கே மசோதாவை முன்னெடுத்தவர் நூட் பியூலர், எலும்பு மருத்துவர், குடியரசுக் கட்சிக்காரர். கையெழுத்துப் போட்டவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர் கேட் பிரவுன். 2016 ஜனவரி 1 முதல் ஒரெகன் மருந்தாளுநர்கள் மாத்திரையும் தோலில் ஒட்டும் பட்டையும் தாங்களே எழுதிக் கொடுக்கலாம் என்றானது. அடுத்த ஆண்டே ஊசியையும் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

கடைக்குள் என்ன நடக்கிறது? ஒரு பெண் வந்து கருத்தடை மாத்திரை வேண்டும் என்கிறார். மேலே சொன்ன கேள்விகள் அச்சடித்த ஒரு படிவத்தைக் கொடுக்கிறார்கள். அவரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று குறிக்கிறார். மருந்தாளுநர் அதைப் படித்துப் பார்த்து, பிரஷர் அளந்து, எந்த மாத்திரை ஒத்துவரும் என்று பேசுகிறார். பிரஷர் 140-க்கு 90-ஐத் தாண்டினால் ஈஸ்ட்ரோஜன் உள்ளதைத் தராமல் டாக்டரிடம் அனுப்புகிறார். எல்லாம் சரியாக இருந்தால் சீட்டை எழுதுகிறார், மாத்திரையையும் அவரே எடுத்துக் கொடுக்கிறார். இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மாத்திரையைத் தவறவிட்டால் என்ன செய்வது என்று சொல்லித் தருவதும் இதில் சேர்த்தி. என் எண்ணத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி அதுதான், ஏனென்றால் மாத்திரை ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்லப்படும் பல கதைகளில் உண்மையில் தவறிப்போனது இரண்டு மூன்று நாள் மாத்திரைதான்.

இவ்வளவு எளிது என்றால் கடைகள் பாய்ந்து வந்து செய்திருக்க வேண்டுமே? இல்லை. கலிஃபோர்னியாவில் விதி அமலுக்கு வந்து ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து, மாநிலம் முழுக்க ஆயிரம் கடைகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் போன் செய்து கேட்டார்கள். சீட்டு இல்லாமல் வந்தால் நீங்களே எழுதித் தருவீர்களா என்று. தருவோம் என்றவை 11 சதவீதம். பத்தில் ஒன்பது கடைகளில் அந்தச் சட்டம் வெறும் காகிதமாகவே இருந்தது.

இதற்குக் காரணம் மருந்தாளுநர்களின் மனதில் இல்லை, கல்லாப்பெட்டியில் இருந்தது. மருந்துக்கடை சம்பாதிப்பது விற்ற மருந்துக்கு. மாத்திரை எடுத்துக் கொடுத்தால் அதற்குப் பணம் வரும். இருபது நிமிடம் உட்கார்ந்து பேசினால் அதற்கு யார் பணம் தருவார்கள்? காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கில் மருந்தாளுநர் ‘மருத்துவ சேவை தருபவர்’ என்ற பட்டியலிலேயே இல்லை. அதனால் கடைகள் அந்தப் பெண்ணிடமே 40, 45 டாலர் ஆலோசனைக் கட்டணம் கேட்டன. டாக்டரிடம் போனால் காப்பீடு பார்த்துக்கொள்ளும், கடைக்கு வந்தால் கைக்காசு என்றால் ஏழைப் பெண் எங்கே போவாள்? யாருக்காகச் சட்டம் வந்ததோ அவர்களையே அந்தக் கட்டணம் வாசலில் நிறுத்திவிட்டது. இதைத் தவிர நேரமும் இல்லை. பெரிய சங்கிலிக் கடைகளில் ஒரு மருந்தாளுநர் நாளுக்கு நூற்றுக்கணக்கான சீட்டுகளைச் சரிபார்த்தாக வேண்டும். பின்னால் வரிசையில் ஆள் நிற்கும்போது ‘உங்களுக்கு மாதவிடாய் எப்போது வந்தது’ என்று எப்படிக் கேட்பது? அதற்கு ஒரு தடுப்பு, ஒரு சின்ன அறை வேண்டும். போதாததற்கு, இப்படி ஒரு வசதி இருக்கிறது என்பதே பெரும்பாலான பெண்களுக்குத் தெரியாது.

ஒரெகன் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. மருந்தாளுநரின் நேரத்துக்கு ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் பணம் தரும் என்று ஆரம்பத்திலேயே ஏற்பாடு செய்தது. ஒரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்மசி கல்லூரி பயிற்சிப் பாடத்தைத் தயாரித்தது. ஒரே தடவையில் 12 மாத மாத்திரைக்குக் காப்பீடு பணம் தந்தாக வேண்டும் என்று நாட்டிலேயே முதலாவதாக, அதே 2015-ல், வேறொரு சட்டமும் போட்டது. இரண்டு ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, மெடிக்கெய்ட் பெண்களுக்குப் புதிதாக எழுதப்பட்ட மாத்திரை, பட்டைச் சீட்டுகளில் பத்தில் ஒன்று மருந்தாளுநர் எழுதியது. அப்படி வாங்கியவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் எந்தக் கருத்தடைச் சீட்டும் வாங்காதவர்கள். டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தவர்கள் இடம் மாறி வந்துவிட்டார்கள் என்று இதை ஒதுக்க முடியாது. மரியா ரோட்ரிகெஸ் தலைமையில் ஒரெகன் ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் போட்ட கணக்கின்படி, அந்த இரண்டு ஆண்டுகளில் விரும்பாத கர்ப்பங்கள் ஐம்பதுக்கு மேல் தவிர்க்கப்பட்டன, அரசுக்கு மிச்சம் 16 லட்சம் டாலர். ஐம்பது என்பது சிறிய எண்தான். ஆனால் புதிய திட்டத்தின் முதல் இரண்டு ஆண்டு, ஒரே மாநிலம், அதிலும் ஏழைப் பெண்கள் மட்டும் என்பதை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கலிஃபோர்னியாவும் பிறகு பாடம் கற்றது. மருந்தாளுநரின் சேவைக்கு அரசுக் காப்பீடு பணம் தர வேண்டும் என்று 2016-ல் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. அந்தப் பணம் கைக்கு வர மேலும் சில ஆண்டுகள் ஆயின.

ஒரெகன் சட்டத்தில் எனக்கு உறுத்தும் ஒரு பிரிவு இருந்தது. 18 வயதுக்குக் கீழே இருந்தால், முன்பே டாக்டரிடம் சீட்டு வாங்கியிருந்தால்தான் மருந்தாளுநர் தரலாம். டாக்டரிடம் போக வழியில்லாத பெண்ணைப் பார்த்து, ‘முதலில் டாக்டரிடம் போய் வா’ என்று சொல்வதுபோல. அந்தப் பிரிவு சில ஆண்டுகளில் காலாவதியாகிவிட்டது. கலிஃபோர்னியா வயது வரம்பே வைக்கவில்லை.

வயது பற்றிய இந்தத் தயக்கம் புதிதல்ல. உறவுக்குப் பிறகு சாப்பிடும் அவசரக் கருத்தடை மாத்திரையான பிளான் பி-க்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்கலாம். சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று எஃப்டிஏவின் நிபுணர் குழு 2003 டிசம்பரில் 23-க்கு 4 என்று வாக்களித்தது. மேலிடம் அதைக் கேட்கவில்லை. முடிவு தள்ளிக்கொண்டே போனதைக் கண்டித்து 2005-ல் எஃப்டிஏவின் பெண்கள் நலப் பிரிவுத் தலைவர் சூசன் வுட் பதவி விலகினார். 2006-ல் 18 வயதானவர்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. கவுண்டருக்குப் பின்னால் வைத்து, அடையாள அட்டை பார்த்து மருந்தாளுநர் தருவார். எல்லா வயதினருக்கும் என்றாக 2013 வரை நீதிமன்றத்தில் போராட வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் மருந்தாளுநர் கதவைத் திறப்பவராக இல்லை, காவல் நிற்பவராக இருந்தார். மனசாட்சியைக் காரணம் காட்டித் தர மறுத்தவர்களும் உண்டு. அப்படி மறுக்கச் சில மாநிலங்களின் சட்டமே இடம் கொடுக்கிறது. ஒரே கவுண்டர் ஒரு பெண்ணுக்கு வாசலாகவும் இன்னொருத்திக்குச் சுவராகவும் இருக்க முடியும்.

இதற்கிடையில் வரைபடம் நிறைந்துகொண்டே வந்தது. டென்னசி, யூட்டா, ஆர்கன்சா, தென் கரோலினா என்று பழமைவாத மாநிலங்களும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2022 ஜூன் 24-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த பிறகு வேகம் இன்னும் கூடியது. அந்தத் தீர்ப்புக்குப் பின் முதலாவதாகக் கருக்கலைப்புத் தடைச் சட்டம் போட்ட மாநிலம் இண்டியானா. அதே இண்டியானா அடுத்த ஆண்டே மருந்தாளுநர் மாத்திரை எழுதலாம் என்று இன்னொரு சட்டம் நிறைவேற்றியது. ஒரு கதவைச் சாத்தியவர்கள் இன்னொன்றைத் திறந்தார்கள். ஒன்று மற்றதற்கு ஈடாகாது. ஆனாலும் கர்ப்பமாகிவிடுவோமோ என்ற பயத்தோடு வாழும் ஒரு பெண்ணுக்கு அந்த இரண்டாவது கதவு முன்பைவிட அவசரத் தேவையாகிவிட்டது. இன்று சுமார் முப்பது மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் இந்த ஏற்பாடு இருக்கிறது.

மகப்பேறு மருத்துவர்கள் இதை எதிர்த்தார்களா என்று கேட்கலாம். ஒரு வகையில் ஆம், ஆனால் பலர் எதிர்பார்க்கும் காரணத்துக்காக இல்லை. டாக்டர் சீட்டுக்குப் பதில் மருந்தாளுநர் சீட்டு என்பது ஒரு தடையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது, சீட்டே வேண்டாம் என்பதுதான் சரி என்று ஏகாக் சொன்னது. மாத்திரையை யாரும் நேராக வாங்கலாம் என்று 2012 டிசம்பரிலேயே அறிக்கை விட்ட அமைப்பு அது.

அந்த நாளும் வந்தது. 2023 ஜூலை 13-ல் ஓபில் என்ற மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்க எஃப்டிஏ அனுமதித்தது. அமெரிக்காவில் தினசரிக் கருத்தடை மாத்திரை ஒன்றுக்கு அப்படி அனுமதி கிடைத்தது அதுவே முதல் முறை. அதில் இருப்பது நார்ஜெஸ்ட்ரெல் என்ற புரோஜெஸ்டின், 1973-லேயே சீட்டோடு அனுமதி பெற்ற பழைய மருந்து. ஈஸ்ட்ரோஜன் கிடையாது. அதனால் பிரஷர் உள்ளவர்களும், 35 வயது தாண்டிய சிகரெட் பழக்கமுள்ளவர்களும், பால் கொடுக்கும் தாய்மார்களும்கூடச் சாப்பிடலாம். அந்த ஆண்டு மே மாதம் கூடிய நிபுணர் குழு 17-க்கு 0 என்று வாக்களித்தது. எஃப்டிஏவின் சொந்த அதிகாரிகளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் லேபிளைப் படித்துவிட்டுத் தாங்களாகவே ஒதுங்குவார்களா? தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுவார்களா? இந்த மாத்திரை மூன்று மணி நேரம் தாமதமானாலே அடுத்த இரண்டு நாளைக்கு ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சீட்டு கொடுக்கும் டாக்டர் யாரும் தினமும் வீட்டுக்கு வந்து மணி பார்ப்பதில்லையே.

2024 மார்ச்சில் ஓபில் கடைகளுக்கு வந்தது. ஒரு மாதத்துக்கு 19.99 டாலர், மூன்று மாதத்துக்கு 49.99. மறுபடியும் அதே பணப் பிரச்சினை. சீட்டோடு வாங்கினால் காப்பீடு முழுச் செலவையும் ஏற்க வேண்டும் என்கிறது ஒபாமாவின் அந்த 2010 காப்பீட்டுச் சட்டம். சீட்டில்லாமல் வாங்கினால் பெரும்பாலான இடங்களில் கைக்காசு. இதை மாற்ற 2024 அக்டோபரில் பைடன் அரசு ஒரு விதியை முன்மொழிந்தது, 2025 ஜனவரியில் அதுவும் திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே ஓபில் வந்ததால் மருந்தாளுநர் தேவையில்லாமல் போய்விடவில்லை. ஒத்துக்கொள்ளாமல் இடையில் ரத்தப்போக்கு வந்தால் வேறு மாத்திரைக்கு மாற்றுவது, பட்டை, பிறப்புறுப்புக்குள் வைக்கும் வளையம், ஊசி என்று தேர்ந்தெடுப்பது, அந்தச் சீட்டால் காப்பீட்டிலிருந்து பணம் கிடைக்கச் செய்வது, இதெல்லாம் அலமாரியில் இருக்கும் டப்பாவால் முடியாது.

இங்கிலாந்து இதே விஷயத்தை நேரடியாகவே அணுகியது. அங்கே தேசிய சுகாதார சேவை, மருந்துக்கடைகளோடு ஒப்பந்தம் போட்டு, கருத்தடை ஆலோசனைக்கு ஒவ்வொரு முறையும் அரசே பணம் தருகிறது. 2023 ஏப்ரலில் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தொடர்ந்து கொடுப்பதில் ஆரம்பித்து, அந்த ஆண்டு இறுதியில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் விரித்தார்கள். 2025 அக்டோபரிலிருந்து அவசர மாத்திரையும் அங்கே மருந்துக்கடைகளில் இலவசம். பேசுவதற்குத் தனி அறை இங்கிலாந்துக் கடைகளில் முன்பே வழக்கத்தில் இருந்தது, அதுவும் கைகொடுத்தது.

அமெரிக்காவிலோ கவுண்டரே குறைந்துகொண்டு வருகிறது. ஒரெகனிலும் கலிஃபோர்னியாவிலும் நிறையக் கடைகள் வைத்திருந்த ரைட் எய்ட் நிறுவனம் 2023-லும் 2025-லும் திவாலாகி, கடைசியில் எல்லாக் கடைகளையும் மூடியது. வால்கிரீன்ஸ் 1,200 கடைகளை மூடப்போவதாக 2024-ல் அறிவித்தது. மருந்தாளுநருக்கு அதிகாரம் கொடுத்த சட்டம் அப்படியே இருக்கிறது. சில ஊர்களில் அவரைக் காண முப்பது மைல் போக வேண்டும்.

இதையெல்லாம் படிக்கும்போது நம் தமிழ்நாட்டு மெடிக்கல் ஷாப் நினைவுக்கு வராமல் இருக்காது. இங்கே கதை தலைகீழ். லீவோநார்ஜெஸ்ட்ரெல் அவசர மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்கலாம் என்று இந்திய அரசு 2005-லேயே முடிவு செய்துவிட்டது, அமெரிக்காவுக்கு ஓர் ஆண்டு முன்பே. 2007-ல் ‘ஐ-பில்’ என்ற பெயரில் அது கடைகளுக்கு வந்தது. மும்பையில், பெங்களூரில் எந்தக் கடையிலும் கேட்டு வாங்கலாம். சென்னையில் கேட்டால், ‘அதெல்லாம் இங்கே வராதும்மா’ என்று பதில் வரும். தடை என்று ஒரு சட்டம் கிடையாது. ஆனால் தடை இருப்பதாகவே கடைக்காரர்கள் நம்புகிறார்கள். 2020-ல் ஆறு மாநில மருந்துக்கடைகளில் நடந்த ஓர் ஆய்வில், தமிழ்நாட்டில் அந்த மாத்திரை வைத்திருந்தவை நூற்றுக்கு மூன்று அளவில்தான். வைக்காதவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம், அரசு தடை செய்திருக்கிறது என்பது.

கருக்கலைப்பு மாத்திரை வேறு, இது வேறு என்ற தெளிவு இல்லாததும் ஒரு காரணம். கருக்கலைப்பு மாத்திரைக்கு டாக்டர் சீட்டு கட்டாயம், அதில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கண்டிப்பாக இருக்கிறார்கள். அவசர மாத்திரையோ முட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை அது கலைக்காது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, எதற்கு வம்பு என்று இரண்டையுமே கடைகள் ஒதுக்கிவிட்டன. அமெரிக்காவில் சட்டம் கொடுத்த அதிகாரத்தைப் பணம் இல்லாததால் மருந்தாளுநர் பயன்படுத்தவில்லை. இங்கே சட்டம் தடுக்காததையும் பயத்தால் தர மறுக்கிறார்கள். நம் கடைகள் பலவற்றில் மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் தொங்கும், கவுண்டரில் நிற்பவர் வேறொருவராக இருப்பார். நாப்கினையே கறுப்புக் கவரில் சுற்றித் தரும் இடத்தில், சுற்றி நாலு பேர் நிற்க, கல்யாணமாகாத ஒரு பெண் எப்படி வாய் திறந்து கேட்பாள்?

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறக்குறைய 58 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. மாத்திரை சாப்பிடுபவர்கள் மிகச் சிலர். இரண்டு குழந்தை, உடனே ஆபரேஷன் என்பது இங்கே நன்றாகவே நடக்கிறது. கல்யாணத்துக்கும் முதல் குழந்தைக்கும் நடுவில், முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில், கல்யாணமே ஆகாத ஆண்டுகளில் என்ன செய்வது என்பதற்குத்தான் பதில் சொல்ல ஆளில்லை. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்து, 1991-லேயே சந்தைக்கு வந்த ‘சஹேலி’ ஹார்மோன் இல்லாத மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. அதே மாத்திரையை ‘சாயா’ என்ற பெயரில் அரசுத் திட்டத்தில் இலவசமாகத் தருகிறார்கள். இதைச் சொல்லித் தரும் மருந்துக்கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போதைக்குத் தேவைப்படுகிறவர்களுக்கு ஒன்று. அவசர மாத்திரையை உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். கடையில் இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையின் குடும்ப நலப் பிரிவிலோ கேளுங்கள். தேசியத் திட்டத்தில் இது ‘ஈசி பில்’ என்ற பெயரில் உண்டு. மாத்திரை கிடைக்காவிட்டாலும், ஐந்து நாளுக்குள் காப்பர்-டி வைத்துக்கொண்டால் அதுவே அவசரக் கருத்தடையாகும். மாத்திரையைவிட அதன் பலன் உறுதியானது, பல ஆண்டுகளுக்குத் தொடரவும் செய்யும்.